பேய்க்கும் ஒரு பங்கு உண்டு

இசக்கியம்மனுக்குக் கொடை விழா நடக்கும் ஊர்களில் நடுச்சாமம் தாண்டியும் வில்லுப்பாட்டுக் களத்தைவிட்டுப் பெண்கள் எழுந்து போவதில்லை. கதை எல்லோருக்கும் மனப்பாடம். தன்னை நம்பித் தூங்கியவளை நகைக்காகக் கொல்கிறான் ஒருவன். சாகிறவள், பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சிக்கு அழைக்கிறாள். அந்த இடம் வந்ததும் உடுக்கை முறுகும். வீசுகோல் வில்லில் விழும் வேகம் கூடும். சாமியாடும் கோமரத்தாடியின் உடம்பு நடுங்கத் தொடங்கும். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்னும் இதைக் கவனித்திருக்கிறார்: சாவைப் பாடும் இடத்தில்தான் அருள் இறங்குகிறது.

பேய்ப்படங்கள் ஏன் அலுப்பதில்லை என்று கேட்டால், ஆபத்தில்லாமல் பயப்படுவதில் ஒரு சுகம் என்கிறார்கள். அது பாதி விடைதான். கதவு எப்போது திறக்கும் என்று தெரிந்தவர்களும் இரண்டாம் முறை டிக்கெட் எடுக்கிறார்களே! மீதி விடை இது: அநியாயமாகச் செத்தவள் திரும்பி வந்து கேட்கிறாள். உயிரோடு இருந்தபோது அவள் சொல் எந்தச் சபையிலும் ஏறவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஜனம் வருகிறது என்று நாங்கள் நம்புகிறோம்.

கொடையில் பாடும் அந்தக் கதையின் மறுபாதியைப் பாருங்கள். கொலையுண்டவள் மறுபிறவியில் நீலியாகி, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொன்றவனைப் பின்தொடர்ந்து வந்து, இவன் என் புருஷன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வழக்குரைக்கிறாள். சொல்வது பொய், வசூலிக்க வந்த கடனோ உண்மை. இவ்வளவு கூர்மையான திரைக்கதை நம் சினிமாவில் அபூர்வம்.

கொன்று பழிதீர்த்தவளை ஊர் விரட்டவில்லை. இசக்கியாக்கிப் பீடம் போட்டது, படையல் வைத்தது, அவள் கதையை அவள் முன்னாலேயே பாடியது. காற்றாலைகள் சூழ்ந்த முப்பந்தலில் இன்று அந்த இசக்கியிடம்தான் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். சினிமாவிலோ கடைசி ரீலில் ஒரு மந்திரவாதி வந்து பேயை ஓட்டிவிடுகிறார். அத்தனை நேரம் அவளுக்காகக் கலங்கிய நம்மையும் சேர்த்தே வெளியே தள்ளுவதுபோல் இருக்கிறது.

இந்த விஷயத்தில் கொடைக்கு மிக அருகே வந்த படம், உண்மையில் பேயே இல்லாத ஒரு படம். ஃபாசில் இயக்கி 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’. அதன் சில காட்சிகள் நம் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. அதில் வரும் மனநல மருத்துவர், நாயகி தன்னையே நினைத்துக்கொள்ளும் நாகவல்லியை அதட்டுவதில்லை. அவள் கேட்ட பழியை, ஒரு பொம்மையை வைத்தாவது, அவள் கையாலேயே தீர்க்கவிடுகிறார். கேட்டது கிடைத்த பிறகே அவள் போகிறாள். 2005இல் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோதும் அந்த முடிவு தப்பிப் பிழைத்தது, படம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

2025இல் ‘லோகா’ படத்தின் மூலம் கள்ளியங்காட்டு நீலியை மலையாளிகள் நாயகியாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தக் கள்ளியங்காடு நாகர்கோவில் பார்வதிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் பல ஆண்டுகளாக ஊர் ஊராக அலைந்து நம் தெய்வங்களின் கதைகளைத் தொகுத்து அச்சேற்றியிருக்கிறார். பாழடைந்த பங்களா தேடி இந்தப் பக்கம் வருகிற தமிழ் இயக்குநர்கள் முதலில் அந்தப் புத்தகங்களை வாங்கட்டும். பிறகு, கொடைக் காலத்தில் ஏதாவது ஓர் ஊரில், கொலை பாடப்படும் வரைக்கும் உட்கார்ந்திருக்கட்டும்.