நூறு புத்தகப் பட்டியலைத் தூக்கிக் கடாசுங்க சாமி!

டிஸ்கி: கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். பட்டியல் போடறதையே பொழுதுபோக்கா வச்சிருக்கற நண்பர்கள் ஒரு சொம்பு மோர் குடிச்சிட்டு வந்து படிக்கவும். :-)

டிசம்பர் பிறந்தா போதும், நம்ம மக்கள் ஆரம்பிச்சுடறாங்க. இந்த வருடம் நான் படித்தவை 104. இன்னொருத்தர் 131. மூணாவது ஆள் புத்தக அடுக்கைப் போட்டோ புடிச்சு, அட்டை தெரியற மாதிரி வச்சு, கீழே 'அனைவரும் அவசியம் வாசிக்க வேண்டியவை'ன்னு ஒரே வரி. ஏன் அவசியம்? யாருக்கு அவசியம்? கேட்டா பதில் கிடையாது. இதுக்குப் பேர் பரிந்துரையா? மளிகைக்கடைச் சிட்டைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குப் புரியல. சிட்டையிலயாவது எத்தனை கிலோன்னு போட்டிருப்பான்.

"க.நா.சு.வே பட்டியல் போட்டாரே"ன்னு உடனே ஒருத்தர் வருவார். வாங்க, அதையே பேசுவோம். க.நா.சு. பட்டியல் போட்டார், அதனால ஏகப்பட்ட சண்டையும் வாங்கினார், சரி. ஆனா அவர் 'படித்திருக்கிறீர்களா?'ன்னு ஒரு தொடரே எழுதினாரே, அதை யாரும் பேச மாட்டேங்கறோம். ஒவ்வொரு புத்தகமா எடுத்து, இது என்ன, ஏன் எனக்குப் பிடிச்சதுன்னு உட்கார்ந்து எழுதின மனுஷன். அதோட விட்டாரா? நட் ஹாம்சன் நாவல் பிடிச்சுப் போச்சு, 'நிலவளம்'னு தமிழ்ல கொண்டு வந்தார். பேர் லாகர்குவிஸ்ட் எழுதின பாரபாஸ் கதை பிடிச்சுப் போச்சு, 'அன்பு வழி'ன்னு மொழிபெயர்த்துக் கையில கொடுத்துட்டார். பிடிச்ச புத்தகத்தை அடுத்தவன் படிச்சே ஆகணும்னு ஒருத்தர் முழு நாவலையே தன் கையால திரும்ப எழுதறார் பாருங்க, அதுதான்யா பரிந்துரை! அவர்கிட்ட இருந்து அந்த உழைப்பை விட்டுட்டு வரிசை எண்ணை மட்டும் சுட்டுக்கிட்டோம்.

சரி, இதனால யாருக்கு என்ன நட்டம்? பிடிச்சவன் படிச்சுட்டுப் போறான்னு கேட்கறீங்களா. நட்டம் இருக்கு, சொல்றேன்.

எங்க பர்கூர்லேர்ந்து கம்பெனி பஸ் ஏறி ஷிப்டு போற ஒரு தம்பி. வயசு இருபத்து மூணு. ஒப்பந்த வேலை. போக வர பஸ்ஸுல சும்மாதானே இருக்கேன், ஏதாவது படிக்கலாம்னு ஆசை வந்து நாலு பேர்கிட்ட கேட்டிருக்கான். நாலு பேரும் நாலு பட்டியல். அதுல ஒரு புண்ணியவான் "ஆரம்பிச்சா விஷ்ணுபுரத்துல ஆரம்பிக்கணும், மத்ததெல்லாம் டைம் வேஸ்ட்"னு சொல்லியிருக்கார். 1997-ல வந்த நாவல், தமிழ்ல பெரிய முயற்சி, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா ராத்திரி ஷிப்டு முடிச்சு கண்ணு எரிய உட்கார்ந்திருக்கறவன் கையில முதல் புத்தகமா அதைக் கொடுக்கலாமா? நாற்பது பக்கத்துல நின்னுட்டான். நின்னது கூடப் பரவாயில்ல. "எனக்கு அந்த அளவுக்கு மூளை இல்லண்ணா, புக்கெல்லாம் நமக்கு செட்டாகாது"ன்னு சொன்னான் பாருங்க, அதைத்தான் என்னால மன்னிக்கவே முடியல. அவனை இல்ல, கொடுத்த ஆளை.

"அசுரன் பார்த்தியாடா?"ன்னு கேட்டேன். "மூணு தடவைண்ணா." "அதுக்கு மூலம் பூமணி எழுதின வெக்கை. 1982-லயே வந்துடுச்சு. சின்ன புத்தகம். கொலை பண்ணிட்டு ஓடற பையனோட கூடவே நீயும் ஓடுவ. படத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குச் சொல்லணும்"னு கொடுத்தேன். அஞ்சாவது நாள் சண்டைக்கு வந்துட்டான். "படத்துல எதுக்குண்ணா அவ்ளோ மாத்தினாங்க? இதுல அந்தப் பையனும் அப்பனும் காட்டுல சோறு பொங்கித் தின்னுக்கிட்டு பேசிக்கறாங்களே, அதானே கதை!" விமர்சகர்கள் பக்கம் பக்கமா எழுதினதை இவன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒரே வரியில சொல்லிட்டான்.

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லயே நூலகத்துக்கு அஞ்சு விதி சொன்னார். அதுல ரெண்டு, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகன் உண்டுங்கறது. சீர்காழிக்காரர் சொன்னதை உலகமே எடுத்துக்கிச்சு. நாம மட்டும் 'எல்லோருக்கும் ஒரே நூறு'ன்னு நிக்கறோம்.

அடுத்த கடுப்பு. எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதல்ல பொன்னியின் செல்வன். ஐயா, கல்கிக்கு ஒரு கும்பிடு. ஆனா 1999-ல நாட்டுடைமை ஆகி, 2022-லயும் 2023-லயும் படமாவும் வந்துட்ட புத்தகத்துக்கு உங்க சிபாரிசு எதுக்கு? திருப்பதிக்குக் கூட்டம் வரலைன்னு நோட்டீஸ் அடிக்கற மாதிரி இருக்கு.

ஒருத்தர், "உங்க ஊர்க் கதை"ன்னு சொல்லி ச.பாலமுருகனோட சோளகர் தொட்டியை எனக்குப் பரிந்துரைச்சார். அருமையான நாவல்தான், 2004-ல வந்தது. ஆனா அவர் நினைச்ச பர்கூர் ஈரோடு மாவட்டத்து மலைப் பர்கூர். நாங்க கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துல, துணி மார்க்கெட் பர்கூர். மாடு கேட்டு வந்தா கிடைக்காது, வேட்டி கேட்டா கிடைக்கும். (அந்தக் கதை மலைப் பர்கூர்லயும் நடக்கல, சத்தியமங்கலம் காட்டுப் பக்கம். போகட்டும்.)

ஆனா அந்தத் தப்பான பரிந்துரையில ஒரு நல்ல எண்ணம் இருந்தது. கேட்கறவன் எந்த மண்ணுல நிக்கறான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கார். நம்மில் எத்தனை பேர் யோசிக்கறோம்? ஓசூர்ல இருந்துக்கிட்டு தாண்டவராயன் கதை எழுதினார் பா.வெங்கடேசன், 2008-ல வந்தது. திப்பு சுல்தான் காலம். 1792-ல ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல நம்ம பாராமகால் கைமாறினதைப் பாடப் புத்தகத்துல ரெண்டு வரியில தாண்டிப் போனவங்கதானே நாம? கிருஷ்ணகிரிக் கோட்டையை தினம் பஸ் ஜன்னல்ல பார்க்கறவனுக்கு அந்த நாவல் வேற மாதிரி பேசும். ஆனா வாக்கியம் ஒவ்வொண்ணும் நெடுஞ்சாலை மாதிரி நீளும், முன்னாடியே சொல்லித்தான் கொடுக்கணும். அதே ஓசூர்ல ஆதவன் தீட்சண்யா. புதுவிசை இதழை நடத்தினவர், சாதியை நக்கலும் கோபமுமா கிழிக்கற கதைகள் எழுதறவர். ஓசூர்ல வேலை பார்க்கற நம்ம வாசக நண்பர்கள் ஏழு பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேருக்குத்தான் இந்தப் பேர்களே தெரியுது. ஏழு பேரும் முரகாமி படிச்சிருக்காங்க!

எல்லையைத் தாண்டினா இன்னும் மோசம். மாஸ்தி வெங்கடேச அய்யங்கார் வீட்டுல தமிழ் பேசினவர், எழுதினது கன்னடத்துல. குடகோட கடைசி ராஜாவைப் பத்தின சிக்கவீர ராஜேந்திராவுக்காக 1983-ல ஞானபீடம் வாங்கினார். அவர் ஊரான மாஸ்தி இருக்கறது மாலூர் தாலுகாவுல, ஓசூருக்கு அந்தப் பக்கம். அந்த நாவல் தமிழ்லயும் வந்திருக்கு. பைரப்பாவோட மகாபாரத நாவல் 'பருவம்', பாவண்ணன் மொழிபெயர்ப்பு, 2005-ல சாகித்ய அகாதமி மொழிபெயர்ப்புப் பரிசு வாங்கினது. விவேக் ஷான்பாக்கோட 'காச்சர் கோச்சர்' நல்லதம்பி தமிழ்ல கிடைக்குது, ஒரே ராத்திரியில முடிச்சுடலாம். வீட்டுல தெலுங்கு, கடையில கன்னடம், பள்ளிக்கூடத்துல தமிழ்னு வளர்ந்த பசங்க நிறைஞ்ச மாவட்டம் இது. இந்தப் புத்தகங்களை நாம கைமாத்தலைன்னா வேற யார் மாத்துவாங்க?

கடைசியா ஒரு கோஷ்டி இருக்கு. "இரவல் கொடுக்காதே, எழுத்தாளன் வயித்துல அடிக்காதே." சம்பளத்துல பாதி வாடகைக்குப் போற பையன்கிட்ட, எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கித்தான் படிக்கணும்னு சொன்னா அவன் செல்போன்ல ரீல்ஸ் பார்க்கப் போயிடுவான். எழுத்தாளனுக்கு அந்த எழுநூறும் வராது, வாசகனும் வர மாட்டான். மூணு புத்தகம் இரவல்ல படிச்சவன் நாலாவதைக் காசு கொடுத்து வாங்கறான், நான் பார்க்கறேனே. வெக்கை தம்பி போன மாசம் சொந்தக் காசுல 'பிறகு' வாங்கிட்டான். இரவல் வேண்டாம்னா நூலகத்துக்குப் போங்க. வீட்டு வரியோட பத்து சதவீதம் நூலக வரியும் கட்டறோமே, ரசீதை எடுத்துப் பாருங்க. (இரவல் கொடுத்தா திரும்பி வராதுங்கறது உண்மைதான். என் பழைய நிலவளம் வாணியம்பாடியில யார் வீட்டு அலமாரியிலயோ ஜம்முனு இருக்கு. படிச்சுட்டாவது வச்சிருங்க தல.)

இப்ப என்கிட்ட பருவம் ரெண்டு பிரதி இருக்கு, ஒண்ணு கொடுக்கத்தான். பாரதக் கதை தெரியும், ஆனா சாமி, வரம், மாயம் எல்லாத்தையும் எடுத்துட்டா அந்த ஜனங்க எப்படி இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பார்த்தவங்களுக்கு மட்டும். குண்டு புத்தகம், அவசரப்படறவங்க கேட்காதீங்க. பதிலுக்கு நீங்க ஒண்ணு கொடுக்கணும். ஒரே ஒண்ணு. அதை எனக்கு ஏன் கொடுக்கறீங்கன்னு நாலு வரி எழுதி உள்ளே வச்சு அனுப்புங்க.