எவர் வாயால் நகுகின்றோம்?

கோவில்பட்டியை அடுத்த கரிசல் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆண்டு விழா. மேடையேறிய சிறுவன் மும்பைத் தாராவியில் பிறந்து வளர்ந்து, பாட்டி வீட்டில் தங்கிப் படிக்க வந்தவன். நெற்றி நிறையத் திருநீறு. மடித்துக் கட்டிய வேட்டி. தலையில் இட்டலிக் கூடை. வாய்க்கு வாய் "அய்யய்யோ" என்று அலறிக்கொண்டு, இந்தியைத் தமிழ் நாவால் உடைத்து உடைத்துப் பேசி, ‘மதராசி’ ஒருவனை அவன் நடித்துக் காட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் தரையில் அமர்ந்திருந்த அவன் தந்தையும் சிரித்தார். அவர் யார்? தாராவியில் நாள்தோறும் இட்டலிக் கூடை சுமப்பவர்! மகன் நடித்துக் காட்டியது அவரைத்தான்!

விழா முடிந்ததும் அவரிடம் சென்று, "உங்களுக்கு வருத்தமாக இல்லையா?" என்றேன். அவர் சொன்னார்: "அங்கன இப்பிடித்தான் நம்மள நடிச்சுக் காட்டுவாக, ஐயா. கூடச் சேந்து சிரிச்சிட்டா விட்டுருவாக."

தமிழ் நெஞ்சங்களே! இவ்விடையைப் பன்முறை எண்ணிப் பாருங்கள். சிரிக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை.

நகை எனும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன் கூறிய தொல்காப்பியர், எள்ளலையே முதற்கண் வைத்தார். அதனைப் பிறரை எள்ளித் தான் நகுவது, பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுவது என இரண்டாகப் பிரித்துக் காட்டினார் உரையாசிரியர் பேராசிரியர். முதல் வகை வலியவன் சிரிப்பு. இரண்டாம் வகை, அந்த இட்டலிக்காரரின் சிரிப்பு. புலம்பெயர்ந்தோரைப் பற்றி இன்று உலகெங்கும் தொலைக்காட்சியிலும் திரையிலும் பெருகிவரும் நகைச்சுவைகள் அனைத்தையும் இவ்வொரு கல்லில் உரசிப் பார்க்கலாம்: இங்கே எள்ளுவோர் யார்? எள்ளப்படுவோர் யார்?

வானம் பார்த்த நிலம் நம்முடையது. மழை பொய்த்தால் கம்பும் சோளமும் பருத்தியும் உடன் பொய்க்கும். தீப்பெட்டித் தொழிலும் நூலாலையும் கடலைமிட்டாயும் தாங்கியவர் போக, எஞ்சியோர் தொடர்வண்டி ஏறினர். நெல்லைச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சென்றவர்கள் தாராவிச் சேற்று நிலத்தை ஊராக்கினர், தோல் பதனிட்டனர், இட்டலி அவித்துத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றனர். உழைப்பை வாங்கிக்கொண்ட அந்நகரம் அவர்களுக்குக் கொடுத்த பெயர் ‘மதராசி’. தமிழன், மலையாளி, கன்னடன், தெலுங்கன் என்னும் வேறுபாடு அறியாத, அறிய விரும்பாத பெயர் அது.

1960-இல் கேலிச் சித்திரக்காரரான பால் தாக்கரே, ‘மார்மிக்’ என்னும் கிழமை இதழை அங்குத் தொடங்கினார். அது சிரிப்பூட்டும் சித்திர இதழாகத்தான் பிறந்தது. பின்னர் அதே இதழில், குழுமங்களிலும் அலுவலகங்களிலும் பணியிலிருந்த மராட்டியரல்லாதார் பெயர்ப் பட்டியல்கள் வெளிவரலாயின. 1966 சூன் 19-இல் சிவசேனை தோன்றியது. லுங்கி கட்டியவரைத் துரத்தி ஊதுகுழலை முழக்குக எனும் பொருள்பட எதுகையோடு ஒரு முழக்கம் எழுந்தது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. முறையைப் பாருங்கள்! முதலில் சித்திரம், அடுத்துப் பட்டியல், அதனையடுத்துக் கல்.

இதற்கு ஈராண்டு கழித்து, 1968-இல், அதே நகரின் இந்தித் திரையுலகிலிருந்து ‘படோசன்’ என்னும் நகைச்சுவைப் படம் வந்தது. அதில் மெகமூத் ஏற்ற வேடம் ‘பிள்ளை’ எனும் பெயருடைய தென்னாட்டு ஆடல் பாடல் ஆசிரியர். குடுமி, வேட்டி, உடைந்த இந்தி. அந்தப் பிள்ளைக்குக் கலை தெரியும். அவரோடு போட்டியிடும் தலைமகனுக்கோ பாடவே தெரியாது. நண்பன் மறைவிலிருந்து பாட, அவன் வாயை மட்டும் அசைக்கிறான். ஆயினும் வெல்பவன் வாயசைத்தவன். நகைக்கு இடமாகிறவர் கற்றவர்! அப்படம் கல்லெறியச் சொல்லிற்று என்று நான் கூறவில்லை. வேட்டி கட்டியவனைத் துரத்து என்ற முழக்கம் அடங்காத காலத்தில், வேட்டி கட்டியவனைக் கண்டாலே சிரிக்கலாம் என்று நாடு முழுவதற்கும் அது கற்பித்தது என்கிறேன். தாராவிச் சிறுவன் கோவில்பட்டிப் பக்கம் கொண்டுவந்து சேர்த்ததும் அந்தப் பாடத்தின் மிச்சமே.

"எள்ளப்பட்டோரே எழுதினால் தீர்ந்துவிடுமே" என்பர் சிலர். ஓரளவு உண்மை. முற்றும் உண்மையன்று.

நெதர்லாந்து நாட்டைப் பாருங்கள். 1969-இல் மொராக்கோவுடன் உடன்படிக்கை செய்துகொண்டு அந்நாடு கூலியாட்களை வரவழைத்தது. அவர்தம் பிள்ளைகள் வளர்ந்த பின், 2004-இல் ‘சுஃப் சுஃப் அபீபி’ என்னும் நகைச்சுவைப் படம் வந்தது. அதனைத் தொடர்ந்து தொலைக்காட்சித் தொடரும் வந்தது. இயக்கியவர் தச்சுக்காரர். ஆனால், மொராக்கோவில் பிறந்த மிமூன் ஒயிசா தலைமை வேடம் ஏற்றதோடு எழுத்திலும் பங்குகொண்டார். எள்ளப்பட்டவன் கைக்கும் எழுதுகோல் வந்தது; இது பாராட்டத்தக்கதே. எனினும் ஒன்றைக் கருதுக. ‘பார், பார், அன்பே’ எனப் பொருள்படும் அத்தலைப்பு அரபு. அந்நாட்டில் குடியேறிய மொராக்கோவினருள் பெரும்பாலோர் ரிஃப் மலைநாட்டுப் பெர்பர் மக்கள். அவர்தம் தாய்மொழி அரபு அன்று. தச்சுக்காரனுக்கு எல்லாரும் ‘மொராக்கர்’. மும்பைக்காரனுக்கு எல்லாரும் ‘மதராசி’. சிறுமொழி எங்கும் பெருமொழியின் போர்வைக்குள் ஒளிந்தே மேடையேற வேண்டியிருக்கிறது.

நம்மவர் கதையும் அதுவே. 2020 முதல் 2023 வரை நெட்ஃபிளிக்சு நிறுவனம், அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றைப் பற்றி ஆங்கில நகைச்சுவைத் தொடர் வெளியிட்டது. ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ என்பது அதன் பெயர். தலைமை வேடம் ஏற்றவர் ஈழத்தமிழ்ப் பெற்றோர்க்குக் கனடாவில் பிறந்த மைத்ரேயி இராமகிருட்டிணன். தமிழ்ப் பெண்ணொருத்தி கோமாளியாகவன்றிக் கதைத் தலைவியாக உலகின்முன் நின்றாள். மகிழ்வோம்! ஆயின், அவ்வீட்டில் பேசப்படுவது பெரிதும் ஆங்கிலம். அத்தமிழ்ப் பெண்ணின் உள்ளத்து எண்ணங்களைக் கதை நெடுக நமக்கு எடுத்துரைக்கும் குரலோ, சான் மெக்கன்ரோ என்னும் அமெரிக்க டென்னிசு வீரருடையது! தமிழச்சியின் நெஞ்சம் வெள்ளையன் வாயால் பேசுகிறது. எழுதியோர் அதனைச் சிரிப்புக்காகவே செய்தனர். நமக்கோ சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

அத்தொடரைப் படைத்தோருள் ஒருவர் மிண்டி கேலிங். அவர்தம் தந்தை பெயர் சொக்கலிங்கம். நகைச்சுவை மேடைகளில் அறிவிப்பாளர்கள் சொக்கலிங்கத்தை ஒலிக்க முடியாமல் இடறியதால் அப்பெயர் ‘கேலிங்’ எனச் சுருங்கிற்று. அவரை நான் பழிக்கவில்லை. தனித்து நின்ற ஒருவர் தம் பிழைப்புக்குச் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆனால், இடறியது எவர் நா? வெட்டுப்பட்டது எவர் பெயர்? தாராவித் தந்தை சிரித்துக் கொடுத்த அதே கப்பத்தைத்தான் அமெரிக்காவில் சொக்கலிங்கம் பாதிப் பெயராகக் கொடுத்தார்.

இனி, தமிழா, நம் வீட்டுக்குள் வா!

தமிழ்நாட்டுத் திரையிலும் தொலைக்காட்சியிலும் நெடுங்காலமாகக் கோமாளி யார்? தூய தமிழ் பேசும் தமிழாசிரியர்! அவர் வாய் திறந்தால் சிரிப்பு. ஆங்கிலம் கலந்து உளறுவோன் அறிவாளி. மும்பையில் பிள்ளை அயலான். தமிழ்நாட்டிலோ தமிழே அயலான்! தன் வீட்டிலேயே குடியேறியாய் நிற்கும் மொழி வேறெங்கேனும் உண்டா? அடுத்த கோமாளி, கரிசல் பேச்சுப் பேசும் சிற்றூரான். இடைசெவல் கி. இராசநாராயணன் அகராதியாகத் தொகுத்துக் காத்த சொற்செல்வம் அவன் நாவில் இருக்கிறது. நகரத்துத் தொலைக்காட்சிக்கு அது பிழையாகத் தோன்றுகிறது.

மூன்றாவது கோமாளியைச் சொல்லும்போது சிலர் என்மேல் சினம் கொள்ளலாம், கொள்ளட்டும். "நம்பள், நிம்பள்" என்று பேசும் சேட்டை வைத்துப் பல்லாண்டு சிரித்தோம். இன்று கட்டட வேலைக்கும் உணவகத்துக்கும் வந்து நிற்கும் வடநாட்டு ஏழையின் உடைந்த தமிழைக் கேட்டுச் சிரிக்கிறோம். இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் உரிமை. அதில் இம்மியும் விட்டுக்கொடோம். ஆனால், திணிப்பவன் தில்லியில் இருக்கிறான். கூலிக்காரன் நம் தெருவில் பசியோடு நிற்கிறான். முன்னவனை எதிர்க்கத் துணிவின்றிப் பின்னவனை எள்ளுவது மொழிப்பற்று ஆகுமா? அவன் நம் மொழியைக் கற்க முயன்று இடறுகிறான்; தாராவியில் நம்மவர் இடறியதைப் போலவே. அவனுக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பதே தமிழ்த்தொண்டு. எள்ளினால், நாமும் ‘மார்மிக்’ சித்திரத்தின் முதற்கோட்டை வரைகின்றோம்.

"வெறும் சிரிப்புக்கு இத்துணை ஆய்வா?" என்று கேட்பவர்க்கு என் விடை இதுவே: வெறும் சிரிப்பென்றால், அந்தத் தந்தை சிரிப்பதற்கு அஞ்சியிருக்க வேண்டியதில்லை.

ஆகவே தமிழ் நெஞ்சங்களே, செய்யத்தக்கன செய்க! பிள்ளைக்கு நல்ல தமிழ்ப் பெயரிட்டு, எந்நாட்டுக்குச் சென்றாலும் அதனை முழுமையாகச் சொல்லக் கற்பியுங்கள். இடறும் நா பழகிக்கொள்ளட்டும். பள்ளி மேடையில் எவர் பேச்சையும் எள்ளும் நாடகத்துக்கு ஆசிரியர்கள் இடந்தராதீர்கள். தாராவியிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் தொரண்டோவிலும் வாழ்ந்து திரும்பியோரின் கதைகளை அவர்தம் தமிழிலேயே எழுதச் செய்யுங்கள். நகைச்சுவையும் அதில் இருக்கட்டும். உழைப்பவன் தன் துன்பத்தைத் தானே சொல்லிச் சிரிக்கும்போது அச்சிரிப்பில் அச்சமில்லை.

அந்தச் சிறுவன் இப்போதும் என் வகுப்பில் இருக்கிறான். அடுத்த ஆண்டு விழாவுக்கு நாடகம் ஒன்று எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். விடியுமுன் எழுந்து மாவாட்டி, கூடை சுமந்து, மூன்று மொழி பேசி ஒரு குடும்பத்தைக் காக்கும் மனிதர் அதில் வருகிறார். மும்பைத் தெருவில் அவரிடம் இட்டலி வாங்க வருவோர் தமிழ் பேச முயன்று இடறுகின்றனர். முதல் காட்சியைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் தந்தையும் இம்முறை அச்சமின்றிச் சிரிப்பார்.