உடம்பு முடியாதவரின் அழைப்பை எடுப்போம்: கடலூர்–சிதம்பரம் கொள்கைப் பிரகடனம்

பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காட்டுமன்னார்கோயில், புவனகிரி, குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போனவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்று 2015ஆம் ஆண்டின் இடம்பெயர்வு ஆய்வு மதிப்பிட்டது. அவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே வீடு எழும்பியது, கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அங்கே அவர்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு மட்டும் இந்தக் கடலூர் மாவட்டம் இதுவரை ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கவில்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் கூடிய நாங்கள் இதை அறிவிக்கிறோம். நோயில் விழுந்தால் எந்த எண்ணை அழைப்பது, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் இந்த மாவட்டத்திலிருந்து ஒருவரும் விமானம் ஏறக்கூடாது. அவர் ஊருக்கு அழைத்தால், எந்த நேரமானாலும் ஒருவர் எடுத்துத் தமிழில் பேச வேண்டும். இந்த இயக்கம் இவ்விரண்டுக்காகவும் தொடங்கப்படுகிறது.

2020ஐ மறந்துவிட்டால் இதன் அவசரம் புரியாது. மார்ச் 22 முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் இந்தியாவுக்கு வருவது நின்றது. 24ஆம் தேதி இரவு நாடே அடைக்கப்பட்டது. முதல் மீட்பு விமானங்கள் வந்தது மே 7ஆம் தேதிதான். இடைப்பட்ட ஆறு வாரமும் அங்கிருப்பவர் வர முடியாது, இங்கிருப்பவர் போக முடியாது. ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை மனுநாளும் நின்றுபோயிருந்தது. மனைவிமார் கையில் இருந்தது செல்போன் ஒன்றுதான். புருஷன் இருமிக்கொண்டே அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு ஏஜென்ட்டுக்கு அடிப்பார்கள்; அவர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

சிங்கப்பூரில் ஏப்ரலில் தொழிலாளர் விடுதிகள் பூட்டப்பட்டன. ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு கட்டில்கள். தொற்று வேறெங்கே போகும்? விடுதிகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோனதாக அந்த அரசே டிசம்பரில் கணக்குச் சொன்னது. ஆனாலும் அதனால் இறந்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் இளவயதினர் என்பது ஒரு காரணம். மருத்துவக் குழுக்கள் விடுதிக்குள்ளேயே போனதும், ஆக்சிமீட்டர் தரப்பட்டதும், சிகிச்சைச் செலவை அரசு ஏற்றதும் இன்னொரு காரணம். அந்த விடுதி வாழ்க்கையை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. கட்டிலருகே மருத்துவம் போனால் மனிதன் பிழைக்கிறான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்களுக்குத் தேவையில்லை.

கோலாலம்பூரில் நடந்தது வேறு. ஆவணம் இல்லாதவர்களும் பயப்படாமல் பரிசோதனைக்கு வரலாம் என்று மார்ச்சில் சொல்லப்பட்டது. நம் ஆட்கள் நிறைந்த மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மேன்ஷனும் மலாயன் மேன்ஷனும் ஏப்ரலில் முள்வேலி போட்டு அடைக்கப்பட்டன. மே 1ஆம் தேதி அதே வட்டாரத்தில் குடிநுழைவு அதிகாரிகள் புகுந்து, ஆவணம் இல்லாதவர்களைப் பிடித்துப்போனார்கள். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்த எவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பான்? சவுதியிலோ, விசா முடிந்தவருக்கும் இலவசச் சிகிச்சை உண்டு என்று மார்ச் 30ஆம் தேதி மன்னரே ஆணையிட்டார். இகாமா என்னும் குடியிருப்பு அனுமதி காலாவதியாகி அறைக்குள் ஒளிந்திருந்தவருக்கு அந்த ஒரு செய்தி உயிர்ச்செய்தி. அதை அவருக்குத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

கொரோனா வராதவர்களும் தவித்தார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஊரிலிருந்து மாத்திரை கொண்டுபோய்ச் சாப்பிடுகிறவர்கள் நம் ஆட்கள். விடுமுறையில் வரும் நண்பரின் பெட்டியில்தான் அடுத்த தவணை மருந்து போகும். விமானம் நின்றதும் அதுவும் நின்றது. அட்டையில் இருக்கும் மருந்தின் மூலப்பெயர் தெரிந்திருந்தால் அங்கேயே ஒரு மருந்துக் கடையில் கேட்டிருக்கலாம். தெரியாததால் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டார்கள்.

இறந்தவர்களுக்கும் வழி அடைபட்டிருந்தது. ஏப்ரல் கடைசியில் அபுதாபியிலிருந்து டெல்லி விமான நிலையம் வரை வந்த மூன்று இந்தியர்களின் உடல்கள் இறக்கப்படாமல் அதே வழியில் திருப்பி அனுப்பப்பட்டன. அதன் பிறகே உடல்களை ஏற்க நெறிமுறை வந்தது. செய்தியில் அதைப் பார்த்த எங்கள் மாவட்டத்துத் தாய்மார் அன்று பட்ட பாட்டை எழுத எங்களுக்குச் சொல் இல்லை.

உதவியே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2009 முதல் இந்தியத் தூதரகங்களில் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. வழியற்றவரின் அவசர மருத்துவம், விமானச் சீட்டு, உடலை ஊருக்கு அனுப்புதல் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் வரியும் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் காப்பீடு. ஆனால் அந்தக் காப்பீடு கட்டாயமாக இருப்பது குடியகல்வு அனுமதி தேவைப்படுகிறவர்களுக்கு, அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு மட்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்து தேறியவர்கள். ஆகவே வலைக்கு வெளியே. டூரிஸ்ட் விசாவில் போகிறவரும் இந்தக் காப்பீட்டு வலைக்கு வெளியே. சிங்கப்பூரில் முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அமீரகம் முழுக்க 2025 ஜனவரி முதல் தனியார் தொழிலாளருக்கும் காப்பீடு கட்டாயம். சட்டம் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது. தன் பெயரில் காப்பீடு இருக்கிறதா, அதன் அட்டை யார் பையில் இருக்கிறது என்று போகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

ஆகவே எங்கள் முதல் வேலை புறப்படும் முன்பு, வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும். 108 என்ற எண் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே இடத்தில் சிங்கப்பூருக்கு 995, மலேசியாவுக்கும் கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் 999, அமீரகத்துக்கு 998, குவைத்துக்கு 112, ஓமனுக்கு 9999, சவுதியில் செம்பிறைச் சங்கத்துக்கு 997. போகிறவர் தன் நாட்டு எண்ணை மனப்பாடமாகச் சொல்லும்வரை விட மாட்டோம். நெஞ்சடைக்கிறது, மூச்சு வாங்குகிறது, வலிப்பு வந்தது, ரத்தம் நிற்கவில்லை என்பதை ஆங்கிலத்திலும், போகும் நாட்டுக்கேற்ப அரபியிலோ மலாயிலோ சொல்லப் பழக்குவோம். ரத்த வகை, பழைய நோய், மருந்தின் மூலப்பெயர், ஒவ்வாமை எழுதிய தாளின் ஒரு படி அவர் பாஸ்போர்ட்டோடும் ஒரு படி வீட்டிலும் இருக்கும். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் வளைகுடாவில் சிறைக்குக் கொண்டுபோகும். டிரமடால், கோடீன் என்ற பெயர்களை எழுதிக் கையில் கொடுப்போம்.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். போனே முதலாளியம்மாவின் கையில் இருக்கும் வீட்டில் எண்ணை மனப்பாடம் செய்து என்ன பயன்? குறித்த நாளில் அவர் குரல் கேட்காவிட்டால் விசாரணையை இங்கிருந்து நாங்களே தொடங்குவோம்.

மருத்துவர்களிடம் ஒன்று தெளிவாகச் சொல்கிறோம். 2020 மார்ச் 25ஆம் தேதி வந்த தொலைமருத்துவ நெறிமுறை இந்திய எல்லைக்கு வெளியே பொருந்தாது. இங்கே உட்கார்ந்து அங்குள்ளவருக்கு மருந்து எழுத எவரையும் நாங்கள் கேட்க மாட்டோம். அனுப்பப்பட்ட ரிப்போர்ட்டைப் படித்துப் பொருள் சொல்லவும், ‘இது நாளைவரை தாங்காது, இப்போதே ஆம்புலன்சைக் கூப்பிடு’ என்று அதட்டவும் மருத்துவர் வேண்டும். சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இன்று அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனை, பெருந்தொற்றில் இந்த மாவட்டத்தைத் தாங்கியது. அங்கே படிப்பவர்களும் படித்து முடித்தவர்களும் முதலில் எங்களோடு வர வேண்டும் என்று உரிமையோடு அழைக்கிறோம்.

அரசிடம் கேட்பதையும் கேட்கிறோம். வெளிநாட்டு மலையாளிகளுக்காகக் கேரளம் 1996இலேயே நோர்க்கா என்று தனித் துறை கண்டது. தமிழ்நாட்டிலும் அயலகத் தமிழருக்கு ஆணையரகம் இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது, ஜனவரி 12 அவர்களுக்கான நாளாகக் கொண்டாடப்படுகிறது. எல்லாம் சென்னையில். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் ஊரடங்கிலும் மூடாத ஒரு மேசை வேண்டும். தூதரகத்துக்கு மனு எழுதித் தரவும், அது எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டாருக்குச் சொல்லவும் அங்கே ஒரு பொறுப்பாளர் வேண்டும். அடுத்த பெருந்தொற்றில் எல்லை மூடினால், கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் அழைத்துவரும் விமானத்துக்கு அவர்களிடமே கட்டணம் வாங்கக்கூடாது. 2020இல் வாங்கினார்கள்.

எங்களுக்கான விதிகள் கடுமையானவை. அழைப்பவரிடம் சாதி கேட்க மாட்டோம், மதம் கேட்க மாட்டோம், விசா செல்லுமா என்று முதலில் கேட்கவே மாட்டோம். அவர் சொன்ன நோயை ஊரில் எவருக்கும் சொல்ல மாட்டோம். காசநோய் என்று தெரிந்தால் தங்கையின் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. உதவிக்குக் காசு வாங்குகிறவரும், ஆள் அனுப்பும் தொழிலில் இருப்பவரும் பொறுப்புக்கு வர முடியாது. பணம் திரட்டினால் வரவு செலவு மாதாமாதம் ஊர்க் கூட்டத்தில் படிக்கப்படும்.

உறுப்பினராகக் கட்டணம் இல்லை. ஒரு மொழியில் தெளிவாகப் பேசத் தெரிந்தவர், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து அங்குள்ள ஆஸ்பத்திரி நடைமுறை அறிந்தவர், இரவில் போன் எடுக்கச் சம்மதிப்பவர், எவரும் வரலாம். பரங்கிப்பேட்டையில் தொடங்கி வீடு வீடாகப் போய், வெளிநாட்டில் இருப்பவர் சம்மதித்தால் அவருடைய நாடு, நோய், மருந்து மூன்றையும் எழுதி வாங்குவதே எங்கள் முதல் பணி. அது முடிந்ததும் காட்டுமன்னார்கோயில் போவோம்.