இலங்கை ஒரு கமாவில தொடங்குது

எங்கட பீடத்துக் கேற்றுக்கு எதிரில ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கு. எல்லாக் கம்பஸுக்கு முன்னாலயும் இருக்கிற மாதிரியான கடைதான். ஒப்படை குடுக்கவேண்டிய நாளுக்கு முதல் நாள் பின்னேரம் போனால், அங்க ஒரு அக்கா நாலைஞ்சு பேரின்ர கையெழுத்துக் கொப்பியளை அடுக்கி வைச்சுக்கொண்டு கீபோர்ட்டைப் பார்க்காமலே ரைப் பண்ணிக்கொண்டிருப்பா. எங்கட கையெழுத்து எங்களுக்கே விளங்காத இடத்தில, "தம்பி, இது 'சமூகமயமாக்கம்' தானே?" எண்டு கேட்டுத் திருத்தியும் தருவா. சமூகவியல் எங்களைவிட அவவுக்குக் கொஞ்சம் கூடத் தெரியும் எண்டுதான் நினைக்கிறம்.

அக்கா அடிக்கிறது பாமினியில. பாமினி எண்டால் என்ன எண்டு தெரியாத ஆக்களுக்கு: அது ஒரு எழுத்துரு. எங்கட அப்பா அம்மா காலத்துக் கொம்பியூட்டரில தமிழ் ஒழுங்கா வராது. அதால ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில தமிழ் எழுத்தின்ர உருவத்தைக் கீறி வைச்சு வேலையை ஓட்டினவை. திரையில பார்க்கிற எங்களுக்குத் தமிழ் தெரியும். உள்ளுக்குள்ள கொம்பியூட்டர் ஆங்கிலத்தைத்தான் வைச்சிருக்கும். 'தமிழ்' எண்டு அடிக்க அக்கா தட்டுறது ஜே, கே, பி, ஓ, கடைசியா ஒரு செமிகொலன். 'இலங்கை' எண்டு அடிக்க அவ முதல்ல தட்டுறது ஒரு கமா. பாமினி இல்லாத மெஷினில அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கோ, எங்கட நாட்டின்ர பெயரே ஒரு கமாவில தொடங்கும். முதல் தரம் கண்டபோது நல்லாச் சிரிச்சம். சொல்லப்போனால் நாட்டுக்குப் பொருத்தமான எழுத்துக்கூட்டல்தான், எதுவும் முடியாமல் இழுபடுற நாடு.

சிரிப்பு நிண்டது போன செமஸ்டரில. எங்கட பச்சில கண் தெரியாத நண்பன் ஒருத்தன் இருக்கிறான். திரைவாசிப்பான் போட்ட லப்டொப்பை வைச்சு, காதில இயர்போனை மாட்டிக்கொண்டு அவன் படிக்கிற வேகம் எங்களில ஒருத்தருக்கும் இல்லை. சோதனைக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க வட்சப் குரூப்பில ஒரு ரியூட் பிடிஎப் ஆக வந்தது. முப்பத்திச் சொச்சம் பக்கம். அண்டு இரவு அவன் கோல் எடுத்தான்.

"மச்சான், இது என்னடா? ஜே, கே, பி எண்டு என்னவோ ஸ்பெல்லிங் சொல்லிக்கொண்டிருக்கு. பிழையான பைலைப் போட்டுட்டினமோ?"

பைல் சரியான பைல்தான். பாமினியில அடிச்சது. எங்கட கண்ணுக்கு அழகான தமிழ், அவன்ர காதுக்கு ஆங்கில எழுத்துக் கூளம். அந்த இரவில இருந்து நாங்கள் ஆறு பேர் முறை வைச்சு அந்த ரியூட்டை வொய்ஸ் மெசேஜ் ஆகப் படிச்சு அனுப்பினம். ஒருத்தன் படிக்கேக்க பின்னுக்கு அவன்ர அம்மா சாப்பிடக் கூப்பிடுற சத்தமும் சேர்ந்து பதிவாகியிருக்கு. அவன் எல்லாருக்கும் நன்றி சொன்னான். எங்களுக்கு ஏதோ மாதிரி இருந்தது. ஏனெண்டால் அதே பாடத்துக்கு ஆங்கிலத்தில வந்த ஒரு கட்டுரையை அவன் ஒருத்தரிட்டயும் கேக்காமல், எங்களுக்கு முதலே வாசிச்சு முடிச்சிருந்தான். ஆங்கிலம் வாசிக்க அவனுக்கு ஆள் தேவையில்லை. தன்ர தாய்மொழியை வாசிக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

தமிழுக்கு அநியாயம் நடக்குது எண்டால் எங்கட தலைமுறைக்கு உடனே ஞாபகம் வாறது பெயர்ப்பலகை. பஸ்ஸில 'தாய்மார்', 'நாய்மார்' ஆன படம் உங்கட போனிலயும் எப்பவாவது வந்திருக்கும். 2021இல சட்டமா அதிபர் திணைக்களத்தில திறந்த ஸ்மார்ட் நூலகத்தின்ர பலகையில சிங்களம், ஆங்கிலம், சீனம் எல்லாம் இருந்தது, தமிழ் இல்லை. சத்தம் போட்ட பிறகு கழட்டினவை. அந்தக் கோபம் நியாயமான கோபம். 1956இல சிங்களம் மட்டும் எண்டு சட்டம் வந்த நாடு இது. தமிழும் அரசகரும மொழி எண்டு அரசியலமைப்பில எழுத 1987 வரைக்கும், பதின்மூண்டாம் திருத்தம் வரைக்கும் காத்திருக்கவேண்டி வந்தது. அதுக்கிடையில என்னென்ன நடந்தது எண்டதை நாங்கள் இங்க சொல்லத் தேவையில்லை. ஆகவே பலகையைப் படமெடுத்துப் போடுறதை நிப்பாட்டச் சொல்லேல்ல.

ஆனால் பலகைக்கு இருக்கிற கோபத்தில பத்தில ஒண்டாவது கோப்புக்கு இருக்கோ? பிழையான பலகை ஆயிரம் பேரின்ர கண்ணில படும். பாமினி பிடிஎப் ஒருத்தற்ற கண்ணிலயும் பிழையாப் படாது. அதுதான் அதில இருக்கிற கரைச்சல். அதுக்குள்ள ஒரு சொல்லைத் தேடினால் வராது. கூகிளில தேடினாலும் அந்த ஆவணம் வெளியில வராது, ஏனெண்டால் கூகிளுக்கு அது தமிழே இல்லை. போனில கொப்பி பண்ணி இன்னொருத்தருக்கு அனுப்பினால் கமாவும் செமிகொலனும்தான் போய்ச் சேரும். உரையொப்புப் பார்க்கிற மென்பொருளுக்குப் போட்டாலும் அதுக்கு ஒண்டும் விளங்காது, எதோடயும் ஒத்துப்போகேல்ல எண்டு சொல்லிவிடும். (இதை வெளியில சொன்னதுக்கு எங்கட பச்சிலயே சிலபேர் எங்களைத் திட்டப்போயினம். மன்னிக்கவும்.)

இதில இன்னுமொரு வேடிக்கை. உலகத்தில உள்ள எழுத்துகள் எல்லாத்துக்கும் பொதுவான எண் குடுக்கிற யுனிக்கோட்டில தமிழ் 1991இலயே, முதல் பதிப்பிலயே இருக்கு. சிங்களம் உள்ளுக்கு வந்தது 1999இல. எட்டு வருசம் எங்களுக்குப் பிறகு. இந்த நாட்டில தமிழ் முந்திக்கொண்ட வரிசை வேற ஏதும் இருக்கோ எண்டு யோசிச்சுப் பார்த்தம், ஒண்டும் ஞாபகம் வரேல்ல. அப்பிடி முந்தி இருந்தும் நாங்கள் இண்டைக்கும் பாமினியில நிக்கிறம். சிங்களப் பெடியளிட்டக் கேட்டுப் பார்த்தால் அங்கயும் இதே கதைதான், அவைக்கு எப்எம் அபயா. ஒரே வருத்தம், வேற வேற பெயர். மூண்டு மொழிக் கொள்கை எண்டு எவ்வளவோ கதைச்சாச்சு, இந்த ஒரு விசயத்தில ரெண்டு பகுதியும் சொல்லிவைச்ச மாதிரி ஒற்றுமையா இருக்கு.

இதுக்கு ஆரைக் குற்றம் சொல்லுறது? கடை அக்காவைச் சொல்லேலாது. அவவின்ர விரலுக்குள்ள பாமினி இருக்கு, அந்த வேகத்திலதான் அவவின்ர வீட்டு அடுப்பு எரியுது. பத்திரிகைப் பக்கம் வடிவமைக்கிற ஆக்களையும் முழுசாச் சொல்லேலாது, அவை பாவிச்ச மென்பொருளில யுனிக்கோட் தமிழ் கன காலமாக் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாத்தான் வந்தது. இருபது வருசமாக் குறிப்புச் சேர்த்து வைச்சிருக்கிற விரிவுரையாளருக்கு அதைத் திருப்பி அடிக்க எங்க நேரம்? எங்கட சீனியர் அண்ணை ஒருத்தரிட்ட இதைப்பற்றிக் கதைச்சால், "பிரிண்ட் எடுத்தால் எல்லாம் தமிழ்தானே, பிறகென்ன?" எண்டு கேக்கிறார். கலியாணக் காட் அடிக்கிறதுக்கு அது சரி. பாமினி குடும்பத்து எழுத்து வடிவான எழுத்தும்தான், அதை மறுக்கேல்ல. ஆனால் இப்ப ஆர் அண்ணை பிரிண்ட் எடுத்துப் படிக்கினம்? ஒரு பக்கத்துக்கு என்ன காசு எண்டு உங்களுக்குத் தெரியாதோ?

எங்களையும் விட்டுவைக்கக் கூடாது. நாங்கள் வட்சப்பில 'என்னடா செய்யிறாய்' எண்டதையே ஆங்கில எழுத்தில அடிக்கிற கூட்டம். அக்கா ஆங்கில விசையைத் தட்டித் தமிழ் காட்டுறா, நாங்கள் ஆங்கில விசையைத் தட்டி ஆங்கிலத்தையே காட்டுறம். யோசிச்சுப் பார்த்தால் அவவின்ர பரவாயில்லை.

எங்கட பெடியள் இப்ப ஒப்படைக்கு ஏஐயிட்டப் போகினம். போகட்டும், அது வேற சண்டை. நாங்களும் ஒருக்கா, வதிவிடச் சான்றிதழ் கேட்டு ஜிஎஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதித் தா எண்டு கேட்டுப் பார்த்தம். நல்ல தமிழில, பிழையில்லாமல், 'கிராம நிர்வாக அலுவலர் அவர்களுக்கு' எண்டு எழுதித் தந்தது. எங்கட ஊரில கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் இருக்கு. அதுக்குத் தெரிஞ்சது தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகம். உயர்தரத்தைப் பிளஸ் டூ எண்டுது, மாகாணத்தை மாநிலம் எண்டுது. ஒரு சிநேகிதி அந்தக் கடிதத்தைத் திருத்தாமலே கொண்டுபோய்க் குடுத்து, ஜிஎஸ் அதை வாசிச்சுப்போட்டு, "பிள்ளை, நீர் இந்தியாவில இருந்தோ வந்தனீர்?" எண்டு கேட்டவராம்.

இதில சென்னைத் தமிழில ஒரு பிழையும் இல்லை. அங்கத்த ஆக்கள் எழுதிச் சேர்த்து வைச்சிருக்கினம், மெஷின் படிச்சிருக்கு. எங்கட சுற்றறிக்கை, எங்கட ரியூட், எங்கட ஆய்வேடு, எங்கட ஊர்ச் சங்கத்து ஆண்டு மலர் எல்லாம் பாதி பாமினிக்குள்ள, மீதி ஸ்கேன் பண்ணின படத்துக்குள்ள. 2005இல இருந்து நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணி இணையத்தில போடாமல் விட்டிருந்தால் எங்களுக்கு அந்தப் படங்கள்கூட மிஞ்சியிருக்காது. இறுதி வருச ஆய்வு செய்த ஒவ்வொருத்தரும் அவைக்குக் கடன்பட்டிருக்கிறம். ஆனால் அது பழசைக் காப்பாத்துற வேலை. போன கிழமை அடிச்ச கடிதத்தையும் அதே மாதிரிப் படமாத்தான் காப்பாத்த வேணும் எண்டால் அது வெக்கக்கேடு.

இப்ப அரசாங்கமும் டிஜிட்டல் எண்டு நிக்குது. டிஜிட்டல் பொருளாதாரத்துக்கு ஒரு அமைச்சே இருக்கு. 2025 பெப்ரவரியில கவ்பே தொடங்கினவை, டிஜிட்டல் அடையாள அட்டையும் வரப்போகுதாம். 2024 நவம்பரில யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில ஆறு ஆசனத்தில மூண்டைத் தேசிய மக்கள் சக்திக்குக் குடுத்திருக்கு. எங்களில பலருக்கு அதுதான் முதல் பொதுத் தேர்தல். அதால கேக்கிற உரிமை எங்களுக்கு இருக்கு எண்டு நினைக்கிறம். நாங்கள் கேக்கிறது பெரிய விசயமும் இல்லை. அரச அலுவலகம் எதில இருந்தும் வெளியில போற தமிழ் ஆவணம், சுற்றறிக்கையோ விண்ணப்பமோ வினாத்தாளோ, யுனிக்கோட்டில இருக்கவேணும். இதுக்கு ஆணைக்குழு தேவையில்லை, அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை, பாராளுமன்றத்தில மூண்டில ரெண்டு தேவையில்லை. அக்காவின்ர விரலைக்கூட மாத்தத் தேவையில்லை. பாமினியில தட்டுற மாதிரியே தட்டி யுனிக்கோட்டில வரவைக்கிற கீபோர்ட் மென்பொருள் எப்பவோ வந்திட்டுது, காசும் இல்லை.

அரசாங்கம் செய்யும் வரைக்கும் காத்திருக்கேலாது எண்டு நாங்கள் அந்த ஆறு பேரும் லீவுக்குள்ள ஒரு வேலை தொடங்கினம். எங்கட பாடத்தின்ர பழைய ரியூட்டுகளை எடுத்து, இணையத்தில இருக்கிற மாற்றியில போட்டு, பாமினியில இருந்து யுனிக்கோட்டுக்கு மாத்துறது. விரிவுரையாளர் ஒருத்தரிட்ட அனுமதி கேக்கப் போனம், அவர் தன்ர பென்டிரைவை அப்பிடியே தூக்கித் தந்துவிட்டார். "இதை நான் எப்பவோ செய்திருக்கவேணும் பிள்ளையள்" எண்டு மட்டும் சொன்னார்.

லேசான வேலை எண்டுதான் நினைச்சம். இல்லை. மாற்றிக்கு ஆங்கிலச் சொல் எது, பாமினித் தமிழ் எது எண்டு பிரிக்கத் தெரியாது. ரெண்டும் அதுக்கு ஒண்டுதான். அதால அடைப்புக்குறிக்குள்ள ஆங்கிலத்தில இருந்த பெயர்கள் எல்லாம் தமிழாகிக் குழம்பிப்போச்சு. மார்க்ஸ் 'ஆயசஒ' ஆகிட்டார். மனுசன் எவ்வளவோ பேரிட்ட எவ்வளவோ பேச்சு வாங்கினவர், இதையும் தாங்குவார் எண்டு விட்டிட்டுப் போகலாமோ எண்டு ஒருத்தன் கேட்டான். விடேல்ல. ஒவ்வொரு பக்கமா மூலத்தோட ஒப்பிட்டுத் திருத்திறம். ஒப்பிடுற ஆள் ஆர் எண்டால் அதே நண்பன்தான். நாங்கள் மாத்தி அனுப்ப, அவன் திரைவாசிப்பானில ஓடவிட்டுக் கேட்டு, எங்க சத்தம் பிசகுது எண்டு சொல்லுவான். கண்ணால பார்க்கிற எங்களுக்குத் தப்பிப்போற இடமெல்லாம் அவன்ர காதில மாட்டுப்படுது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறினால் அந்த இடத்திலயே நிப்பாட்டிப்போடுவான்.

இதுவரைக்கும் ரெண்டாம் வருசத்து ரியூட் பதினொண்டு முடிஞ்சிருக்கு. மூண்டாம் வருசத்தது தொடக்கமே இல்லை. உங்கட பீடத்திலயும் இப்பிடி ரியூட் இருந்தால் மாத்தத் தொடங்குங்கோ, எங்களிட்ட இருக்கிறதையும் தாறம். போன கிழமை கடைக்குப் போகேக்க அக்காவின்ர கொம்பியூட்டரில அந்தக் கீபோர்ட்டைப் போட்டுக் குடுத்தம். ஒரு பந்தி அடிச்சுப் பார்த்திட்டு, "இது என்ன, எல்லாம் ஒண்டு போலதானே இருக்கு" எண்டா. பிறகு அதில 'இலங்கை' எண்டு தேடிக் காட்டினம். மூண்டு இடத்தில மஞ்சளாக் காட்டிச்சு. "ஆ..." எண்டு சொல்லிப்போட்டு, அடுத்த கொப்பியை எடுத்தா.