மணல் மேசை

 

தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் எழும் முதல் முறையீடு யாதென்பதை நீங்கள் அறிவீர்கள். "பிள்ளை கைபேசியைக் கீழே வைக்க மறுக்கிறான்" என்பதே அது. கைபேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவது எளிது. ஆனால், வெறுமையாகிவிட்ட அந்தக் கைகளில் வேறு எதைக் கொடுக்கப் போகிறோம்?

சென்ற ஆண்டு இக்கேள்வி என் வீட்டிலும் எழுந்தது. கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற என் மகனைச் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். ஒரு வார காலம் அவன் என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அந்நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரு பொருளைப் பற்றியே இம்மாதம் உங்களோடு உரையாட விரும்புகிறேன். அது மணலில் தானாகவே சித்திரம் வரையும் மேசை.

மேசையின் மேல் மெல்லிய மணற்பரப்பு. அதன்மீது ஓர் எஃகுக் குண்டு. பட்டறைகளில் 'பால்ரஸ்' என்பார்களே, அதுதான். யாரும் தொடாமலேயே அக்குண்டு மெல்ல உருண்டு செல்லும். அது சென்ற வழியெல்லாம் உழுத வயலின் சால் போன்று ஒரு தடம் விழும். தடங்கள் சேர்ந்து வட்டமாகும், விண்மீனாகும், மலராகும். காண்போர் வியப்பர்; ஆனால் இதில் மாயம் எதுவுமில்லை. பலகைக்கு அடியில் ஒரு காந்தம் நகர்கிறது. அதைப் பின்பற்றிக் குண்டு நகர்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மருத்துவராயிருந்து கலைஞராக மாறிய புரூஸ் ஷாபிரோ என்பவர் இத்தகைய கருவிகளை அருங்காட்சியகங்களுக்காகச் செய்தார். 2016ஆம் ஆண்டில் வீட்டு மேசையாகவும் அதனை அறிமுகப்படுத்தினார். அதன்பின் பல நாடுகளிலும் பொழுதுபோக்காகச் செய்து பார்ப்போர் பெருகினர்.

செய்முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். 65 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மரப்பெட்டி. அதன் மேல்தட்டு 50 சென்டிமீட்டர் சதுரம். அதன் அடிப்பலகை மெல்லியதாகவும், இரும்பு கலவாததாகவும் இருத்தல் வேண்டும். பலகையின் கீழே எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள வழவழப்பான கம்பிகளின் மீது ஒரு குறுக்குச் சட்டம் முன்னும் பின்னும் ஓடும். அச்சட்டத்தின் மேல் காந்தம் பொருத்திய சிறு வண்டி இடமும் வலமுமாக ஓடும். இவ்விரண்டையும் பல் வைத்த பெல்ட் கொண்டு இழுக்க இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள் தேவை. பழுதாகிக் கிடக்கும் பழைய பிரிண்டர், ஸ்கேனர் ஆகியவற்றினுள்ளும் இவ்வகை மோட்டார்கள் உண்டு. வீண் விரயத்தை மார்க்கம் வெறுக்கிறது. ஆதலால் முதலில் அவற்றைத் தேடிப் பாருங்கள்.

சாதாரண மோட்டார் மின்சாரம் பாய்ந்ததும் சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்டெப்பர் மோட்டாரோ அடியடியாக எண்ணி நகர்வது. பரவலாகக் கிடைக்கும் வகை, ஒரு முழுச் சுற்றை 200 அடிகளாகப் பிரித்துச் சுழலும். அதை இயக்கும் சிறு மின்பலகை ஒவ்வோர் அடியையும் மேலும் 16 கூறுகளாக்கும். ஆக ஒரு சுற்றுக்கு 3,200 கூறுகள். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் பல்லுள்ள பெல்ட்டும், 20 பல் கொண்ட புல்லியும் பொருத்தினால் ஒரு சுற்றில் காந்தம் 40 மில்லிமீட்டர் நகரும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 80 கூறுகள். ஆர்டுயினோ என்னும் கையகலக் கணினிப் பலகையும், அதற்கென இலவசமாகக் கிடைக்கும் ஜிஆர்பிஎல் என்னும் நிரலும் இக்கணக்கை ஏற்று மோட்டார்களை நடத்தும். இவையாவும் 12 வோல்ட் அடாப்டரில் இயங்குபவை. மோட்டாரின் கம்பிகளை மின்னிணைப்பு இருக்கும்போது ஒருபோதும் கழற்றாதீர்கள். இயக்கும் பலகை அக்கணமே கருகிவிடக்கூடும்.

இனி, நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். கடற்கரையிலிருந்து மகன் ஆவலோடு அள்ளிவந்த மணலை அப்படியே பரப்பினோம். குண்டு சிறிது தூரம் சென்றதும் அதைச் சுற்றிக் கறுப்பு ரோமம் முளைத்தாற்போல் துகள்கள் அப்பிக்கொண்டன. காரணம், நம் தென்கடற்கரை மணலில் கலந்துள்ள கருமணல். அதில் இரும்புச் சத்துள்ள தாதுக்கள் இருப்பதால் காந்தம் இழுத்துவிடுகிறது. பிறகு மணலை நன்னீரில் பலமுறை கழுவி உப்பை நீக்கி, வெயிலில் உலர்த்தி, காகிதம் சுற்றிய காந்தத்தால் கருந்துகள்களைப் பிரித்தெடுத்து, மெல்லிய துணியில் சலித்தோம். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மணல் தூசு நுரையீரலுக்குக் கேடு. நான்கு மில்லிமீட்டர் உயரத்திற்குப் பரப்ப ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மணல் போதும்.

அடுத்து, மெல்லிய பிளைவுட் மணலின் பாரத்தால் நடுவில் தொய்ந்து காந்தத்தின்மீது உரசியது. அதை நீக்கிக் கண்ணாடி பதித்து, அதன்மேல் மெல்லிய ரெக்ஸின் ஒட்டினோம். உரசலும் நின்றது, குண்டு உருளும் கரகரப்பும் அடங்கியது. வேகத்தைக் கூட்டினால் காந்தம் முன்னே ஓடிவிட, குண்டு பின்தங்கி நின்றுவிடும். விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகமே எங்களுக்கு உகந்ததாக அமைந்தது.

ஒவ்வொரு முறை தவறும்போதும் மகன் மணலைக் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்குவான். எங்கே தவறினான் என்று கேட்டால் விடையிராது. அப்போது ஒரு வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். முற்காலத்தில் நம் கணித மேதைகள் புழுதி பரப்பிய பலகையில் விரலால் கணக்கிட்டனர். இலக்கங்களை அழித்து அழித்து எழுதுவதால், இறுதியில் விடை மட்டுமே எஞ்சும். இடையில் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்க வழியிராது. ஹிஜ்ரி 341இல் (கி.பி. 952-53) டமாஸ்கஸ் நகரில் நூலியற்றிய அபுல் ஹஸன் அல்-உக்லீதிஸி, புழுதிப் பலகையை விட்டுவிட்டு அதே கணக்குகளைக் காகிதத்திலும் மையிலும் செய்யும் முறையைக் கற்பித்தார். இதைக் கேட்ட மகன் அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டான். மணலைக் கலைக்குமுன் தவறைக் குறித்துக்கொள்வது வழக்கமாயிற்று.

அதன்பின் ஒருநாள், "வாப்பா! எட்டு முனை நட்சத்திரம் வரைய வேண்டும். புள்ளிகளை எங்கே வைப்பது?" என்று கேட்டான். குர்ஆன் பிரதியின் ஓரத்தில் ஹிஸ்பின் கால்பகுதியைக் காட்ட, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்த இரு சதுரங்களைக் கண்டிருப்பீர்களே, அந்த வடிவத்தையே அவன் விரும்பினான். 200 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் முதற்புள்ளி (200, 0). அடுத்தது 45 பாகை தள்ளி. அதன் இடத்தைக் காண 'சைன்', 'கொசைன்' வேண்டும். (141.4, 141.4) என்று விடை கண்டான். பள்ளியில் அவனைப் பயமுறுத்திய அதே பாடம்! இன்னொரு சிக்கலும் இருந்தது. குண்டை மணலிலிருந்து தூக்க முடியாது. முழுச் சித்திரமும் அறுபடாத ஒரே கோடாக இருத்தல் வேண்டும். சதுரங்களோ இரண்டு. மூன்று நாள் யோசித்தான். முதல் சதுரத்தில் செல்லும்போது மற்றது குறுக்கிடும் இடத்தில் திரும்பி, இரண்டாம் சதுரத்தை முழுதும் சுற்றி அதே இடத்துக்கு வந்து, விட்ட வழியைத் தொடரலாம் என்று அவனே கண்டான். அன்றுதான் எங்களிடையே இருந்த மௌனம் முற்றிலும் கலைந்தது. "உன்னால் முடியாது" என்று நான் முன்பு சொன்ன சொல்லுக்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். பெற்றோர்களே, பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் நம் மதிப்புக் குறைவதில்லை.

வெற்றி கண்ட உற்சாகத்தில், அல்லாஹ்வின் திருநாமத்தையும் மணலில் எழுதலாம் என்றான். அருகில் தஸ்பீஹோடு அமர்ந்திருந்த என் தாயார், "வேண்டாம் ராஜா! எழுதிய பெயர்மேலேயே குண்டு உருண்டு அழிக்குமே, மனசு பொறுக்குமா?" என்றார்கள். அவன் உடனே விட்டுவிட்டான். மலரும் விண்மீனும் போதும். அவற்றின் ஒழுங்கே படைத்தவனை நினைவூட்டும்.

பெற்றோர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதில் பயன்படும் நியோடிமியம் காந்தங்கள் மிக்க ஆற்றலுடையவை. சிறு குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் மடிப்புகளுக்கிடையே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாக ஐயம் தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். காந்தத்தைப் பெட்டிக்குள் திருகி மூடிவிடுங்கள். மேல்தட்டையும் கண்ணாடியால் மூடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்போர் அக்காந்தங்களின் அருகே செல்லலாகாது.

இப்போது மாலையில் மின்விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து அம்மேசையை இயக்குகிறோம். ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு சுருள் வட்டம் முழுமையடைய, குண்டு ஏறத்தாழ 25 மீட்டர் தூரம் ஓட வேண்டும். பதினேழு நிமிடம் ஆகும். பாங்கொலி கேட்டதும் நிறுத்திவிட்டு எழுவோம். மறுநாள் புதிய கோடுகள் பழையவற்றை அழித்துக்கொண்டே பிறக்கும்.

அழகியதொன்று அழிவதைக் காணும்போது, ஸஹீஹுல் புகாரியில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி என் நினைவுக்கு வரும். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு சதுரம் வரைந்து, நடுவிலிருந்து அதற்கு வெளியே நீளும் ஒரு கோடும் இட்டு, சூழ்ந்திருப்பது மனிதனின் தவணை என்றும், வெளியே நீண்டிருப்பது அவனுடைய ஆசை என்றும் தோழர்களுக்கு விளக்கினார்கள். நம் தவணைக்குள் பிள்ளைகளோடு அமரக் கிடைக்கும் மாலைப்பொழுதுகள் எண்ணி வைக்கப்பட்டவை. அவற்றை ஏச்சிலும் கோபத்திலும் கழித்துவிடாதிருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.