பல் வைத்தியமும் பொது வைத்தியமும்: ஒருவரே இரண்டும் படிக்கலாமா?



பரீட்சைப் பெறுபேறு வந்ததும் நம் வீடுகளில் ஒரு கவலை எழும். வைத்தியத்துக்கு இடம் கிடைக்காமல் பல் வைத்தியத்துக்குக் கிடைத்தால், பிள்ளை ஒரு படி கீழே போய்விட்டதாகப் பலர் மனம் வாடுகிறார்கள். இந்த எண்ணம் சரிதானா என்று இம்முறை பார்ப்போம்.

மியன்மாரின் யங்கூன் நகரம், நம் மூத்தவர்கள் சொல்லும் ரங்கூன். அங்கே தெருவுக்குத் தெரு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் பெட்டிக்கடைகள் உண்டு. வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, பலவேளைகளில் புகையிலையும். நமக்கும் பழக்கமான பண்டம்தான். ஆனால், புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

வாயில் வெள்ளைத் திட்டையோ ஆறாத புண்ணையோ முதலில் காண்பவர் பெரும்பாலும் பல் வைத்தியரே. ஆனால் கட்டியை அகற்றி, கழுத்துக்குப் பரவியதா என்று பார்த்து, தாடை எலும்பைத் திரும்ப அமைப்பது பெரிய சத்திரசிகிச்சை. அதற்குப் பல்லும் தெரிய வேண்டும், உடம்பு முழுவதும் தெரிய வேண்டும். வாய், முகம், தாடைச் சத்திரசிகிச்சை என்னும் இத்துறையில்தான் இரண்டு படிப்பும் சந்திக்கின்றன. யங்கூனில் பல் வைத்தியக் கல்வியே 1964இல் மருத்துவக் கல்லூரியோடு இணைந்துதான் தொடங்கியது. 1974இல் அது தனி நிறுவனமானது.

இரண்டும் படித்த ஒருவரின் கதை நமக்குப் பொருந்தும். ஆர்மீனியரான வராஸ்டாட் கசாஞ்சியான், துருக்கிய ஆட்சியில் தம் இனத்தவர் கொல்லப்பட்ட காலத்தில், 1895இல் பதினாறு வயதில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். கம்பி ஆலையில் வேலை செய்தார். 1905இல் ஹார்வர்டில் பல் வைத்தியரானார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். அதன் பிறகு மீண்டும் மாணவராகி, 1921இல், நாற்பது வயது கடந்து, மருத்துவப் பட்டமும் பெற்றார். 1941இல் ஹார்வர்டின் முதலாவது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பேராசிரியரானார்.

ஆனால் நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் இத்துறை நிபுணராவதற்கு இரண்டு பட்டங்களும் வேண்டும். இந்தியாவில் பல் வைத்தியப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு மேற்படிப்புப் போதும். அமெரிக்காவில் நான்கு ஆண்டுப் பயிற்சியும் உண்டு, மருத்துவப் பட்டத்தோடு சேர்ந்த ஆறு ஆண்டுப் பயிற்சியும் உண்டு. இரண்டு பட்டம் என்றால் படிப்பும் பயிற்சியுமாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் செல்லலாம். கடன் வாங்கும் முன், பிள்ளை வேலை செய்யப் போகும் நாட்டின் பதிவு விதியை நேரில் கேட்டறியுங்கள். ஒரு நாட்டுப் பட்டம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது.

எனவே பல் வைத்தியத்துக்கு இடம் கிடைத்த பிள்ளையிடம், "பரவாயில்லை" என்று ஆறுதல் சொல்லாதீர்கள், வாழ்த்துச் சொல்லுங்கள். அடுத்த பட்டம் வேண்டுமா என்பதை அவர்களே பின்னர் தீர்மானிக்கட்டும்.

வெற்றிலை போடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இரண்டு வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண்ணைத் தாமதிக்காமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.