கழுவும் பொறியைக் கழுவுபவர் யார்?

வீட்டு வேலைகளுள் முடிவே இல்லாத வேலை ஒன்று உண்டென்றால் அது பாத்திரங் கழுவும் வேலைதான். காலையிற் பிட்டும் சம்பலும் உண்ட கோப்பைகள் காய்வதற்குள் மத்தியானச் சோற்றுப் பானையும் கறிச்சட்டிகளும் வந்து சேரும். அவை ஓய்ந்தால் இரவு இடியப்பத் தட்டுகள் காத்திருக்கும். இவ்வேலையைப் பாராட்டுவாரும் இல்லை; கணக்கில் வைப்பாரும் இல்லை. கறி நன்றாயிருந்தது என்று சொல்லிச் செல்லும் விருந்தினர் பலர். சட்டி துப்புரவாக இருந்தது என்று சொல்லிச் சென்ற விருந்தினரை நான் இதுவரை கண்டதில்லை.

சென்ற ஆண்டு என் மனைவிக்கு விரல் மூட்டுகளில் வாதங் கண்டது. நெடுநேரம் தண்ணீரிற் கைவைக்கலாகாது என்று வைத்தியர் கூறிவிட்டார். இச்செய்தி லண்டனில் வாழும் அவளுடைய தமையனாருக்கு எட்டியது. அவர் கப்பலில் அனுப்பிய பெட்டிகளோடு மின்சாரத்தால் இயங்கும் பாத்திரங் கழுவும் பொறி ஒன்றும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அது லண்டனிலிருந்து வந்ததும் நல்லதாயிற்று. அங்கும் இங்கும் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். செக்கனுக்கு 50 அலைவு. கனடாவிலிருந்து வந்திருந்தால் 120 வோல்ற், 60 அலைவுக்கு ஆக்கப்பட்ட அப்பொறியை இங்கே நேரே மாட்டியிருக்க இயலாது. வெளிநாட்டிலிருந்து பொருள் வருவிப்போர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதல் இரண்டு மாதம் பொறி நன்றாகவே உழைத்தது. பின்பு கண்ணாடிக் குவளைகளில் வெண்ணிறப் படலம் படியத் தொடங்கியது. அடுத்து, கழுவிய தட்டுகளிலே சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கக் கண்டோம். ஒருநாள் கதவைத் திறந்தபோது உள்ளே கலங்கிய நீர் வடியாமல் நின்றது. "பொறி பழுது" என்று நானே தீர்ப்பளித்தேன். அதன்மேல் ஒரு துணி விரிக்கப்பட்டது. துணியின்மேல் போத்தல்கள் ஏறின. "தம்பி, உது சட்டி கழுவுற மெசினோ, ஊறுகாய்ப் போத்தில் வைக்கிற மேசையோ?" என்று அம்மா கேட்டார். என்னிடம் விடை இல்லை. மனைவி யாதொன்றும் சொல்லாமல் மீண்டும் கிணற்றடிக்குப் போனாள். நான்கு மாதங்கள் சென்றன. இரவில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கையில் சட்டி உரசும் ஓசை எனக்குக் கேட்கும். விரல்கள் வீங்கியிருந்ததை நான் காணாமலில்லை.

ஈற்றில், மின்பொருள் திருத்தும் தொழில் புரியும் என் பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். அவர் மின்தொடுப்பை நீக்கி, நீர்க்குழாயை மூடிவிட்டுக் கதவைத் திறந்தார். முதற் கேள்வி இதுதான்: "சேர், உள்ளுக்குள்ள இருக்கிற வடியைக் கழட்டிக் கழுவுறனீங்களோ?"

"எந்த வடி?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய பண்பு. பொறியின் அடித்தளத்திலிருந்து உருளை வடிவான வடியொன்றைத் திருகி எடுத்தார். தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை நரம்பு, சோறு ஆகியன அதில் சாந்துபோல் அடைத்திருந்தன. நீர் தெளிக்கும் கைகளின் துளைகளிலே கடுகு சிக்கியிருந்தது. வடியின் கீழே நீரை வெளியேற்றும் பம்பியின் சிறு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தது ஒரு புளியங்கொட்டை. முகப்பில் இரண்டு மாதமாக எரிந்த சிவப்பு விளக்கை மின்சாரம் உள்ளது என்பதற்கு அடையாளம் என நான் எண்ணியிருந்தேன். உப்புத் தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருளாம். பரீட்சை மண்டபத்திலே "வினாத்தாளை முதலில் முழுவதும் வாசியுங்கள்" என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் நான், பொறியுடன் வந்த விளக்கப் புத்தகத்தை ஒருமுறையும் விரித்துப் பார்த்ததில்லை.

இப்பொறியின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. 1850 ஆம் ஆண்டிலேயே ஜோயல் ஹௌட்டன் என்னும் அமெரிக்கர், கையாற் சுற்றும் மரப் பொறி ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அது பாத்திரத்தின்மேல் நீரைத் தெளித்ததேயன்றிச் செவ்வனே கழுவவில்லை. பயன்தரும் பொறியை ஆக்கியவர் இலினோய் மாநிலத்து ஷெல்பிவில் நகரில் வாழ்ந்த ஜோசபின் கொக்ரேன் என்னும் மாது. கணவர் இறந்தபின் கடன் சூழ்ந்த நிலையில், வீட்டின் பின்புறக் கொட்டிலில், ஜோர்ஜ் பட்டர்ஸ் என்னும் பொறிவல்லாரின் துணையோடு அவர் அதனை உருவாக்கினார். பாத்திரங்களை அசையாமற் கம்பிச் சட்டங்களில் நிறுத்தி, சவர்க்கார வெந்நீரை விசையோடு அவற்றின்மேற் பாய்ச்சுவதே அவர் கண்ட உபாயம். 1886 டிசெம்பர் 28 இல் ஆக்கவுரிமை கிடைத்தது. 1893 இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே பொறி பலரின் கவனத்தையும் ஈர்த்தது. ஆயினும் அதனை வாங்கியவை பெரும்பாலும் விருந்தினர் விடுதிகளே. சாதாரண வீடுகளில் அதற்கு வேண்டிய வெந்நீர் இருக்கவில்லை. கொக்ரேன் அம்மையார் 1913 இல் காலமானார். அமெரிக்க இல்லங்களிற் பொறி பரவலாகப் புகுந்ததோ 1950 களிலேதான்.

பொறி வந்தாற் போதாது, வீடும் அதற்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பது இவ்வரலாற்றின் பாடம். நம் வீடுகளில் ஆயத்தம் செய்யவேண்டியவை நான்கு.

முதலாவது மின்சாரம். நீரைச் சூடாக்கும் பகுதி ஏறத்தாழ 2000 வாற் வலுக் கொண்டது. அதனை 230 ஆல் வகுத்தால் 9 அம்பியருக்குச் சற்றுக் குறைவாக வரும். விளக்குக்கும் விசிறிக்கும் அமைத்த 5 அம்பியர்ச் செருகி இதனைத் தாங்காது. நீட்டிப்புக் கம்பியும் ஆகாது. 13 அம்பியர்ச் செருகியும் தனிக் கம்பியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புவித்தொடுப்பு வேண்டும். நீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இடத்திலே புவித்தொடுப்பு இல்லாமை உயிருக்கு ஆபத்து. பழைய வீடுகளிற் செருகியில் மூன்று துளை இருக்கும். மூன்றாவதற்குப் பின்னே கம்பி இருக்காது. தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டு சோதித்த பின்னரே பொறியை மாட்டுக.

இரண்டாவது நீரின் அமுக்கம். பல பொறிகளுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை அமுக்கம் தேவை. நீர்த்தாங்கி ஒவ்வொரு 10 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 பார் அமுக்கந் தரும். ஆகவே தாங்கியின் நீர்மட்டம் பொறியைவிட 3 முதல் 5 மீற்றர் உயரத்திலாவது இருத்தல் வேண்டும். தாழ்ந்த தாங்கியாயின் பொறி நீரின்றித் தவிக்கும். நீர் நுழையும் குழாயின் வாயிலே ஒரு சிறு வலை உண்டு. கிணற்று மணல் அதனை அடைத்துவிட்டாலும் விளைவு அதுவே.

மூன்றாவது கழிவுநீர்க் குழாய். அதனை நேரே நிலத்திற் கிடத்தலாகாது. முதலில் மேலே வளைத்துக் கட்டிப் பின்பே கீழிறக்குதல் வேண்டும். அன்றேல் பொறிக்குள் உள்ள நீர் தானாக வடிந்துபோகும். சில வேளைகளிற் கழுநீர்த் தொட்டியின் அழுக்கு உள்ளே திரும்பி வரும். நம்மவர் அடுக்களைக் கழிவுநீரை வாழைக்கு விடுவது வழக்கம். உப்பும் காரமும் கலந்த இந்நீர் வாழைக்கு உகந்ததன்று. கிணற்றருகே விடத்தக்கதும் அன்று.

நான்காவது, குடாநாட்டாருக்கே உரிய கவலை: வன்னீர். நம் நிலத்தடி சுண்ணாம்புக்கல். அதனூடே ஊறிவரும் கிணற்று நீரில் கல்சியமும் மகனீசியமும் மிகுதி. கேத்தில்களின் அடியிற் படியும் வெண்காவி இதுவே. பொறிக்குள் இருக்கும் பிசின் மணிகள் கல்சியத்தைப் பற்றிக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தைக் கொடுத்து நீரை மென்மையாக்குகின்றன. அவற்றின் ஆற்றல் குன்றும்போது உப்புக் கரைசல் அவற்றைப் புதுப்பிக்கிறது. ஆகவே உப்பு அறை வெறுமையாக இருத்தலாகாது; நீரின் வன்மைக்கு ஏற்பப் பொறியின் அளவையும் திருத்தி வைத்தல் வேண்டும். அம்மா ஆனையிறவு உப்பை ஒரு சுண்டு அளந்து கொண்டுவந்தார். அது கறிக்கு உத்தமம்; பொறிக்கு ஆகாது. கடலுப்பிலே கல்சியமும் மகனீசியமும் கலந்திருக்கும். அயடீன் சேர்த்த தூளுப்பும் கூடாது. இதற்கென விற்கப்படும் தூய பரலுப்பையே இடுக. இட்டவுடன் பொறியை ஒருமுறை ஓடவிடுக. சிந்திய உப்புநீர் உருக்கை அரிக்கும்.

குவளையில் வெண்படலம் கண்டால் ஒரு சோதனை செய்யலாம். வினாகிரி தோய்த்த துணியால் துடைத்துப் பாருங்கள். படலம் நீங்கினால் அது சுண்ணாம்பு, உப்பிட்டால் தீரும். நீங்காவிடின் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது, அதற்கு மருந்தில்லை.

எல்லாப் பாத்திரங்களையும் உள்ளே இடலாகாது என்பதையும் சொல்லல் வேண்டும். அலுமினியச் சட்டி காரத்தால் கறுக்கும். பித்தளைக் குத்துவிளக்கும் செம்பும் ஒளியிழக்கும். மண்சட்டி நீரை உறிஞ்சும். சிரட்டை அகப்பை வெடிக்கும். இவற்றுக்கு இன்றும் புளியும் தும்பும் மனிதக் கையுமே துணை. கத்திகளை முனை கீழ்நோக்க வைக்குக. கையாற் கழுவும் சவர்க்கார நீரை இதில் ஊற்றினால் நுரை பொங்கிக் கதவு வழியே வழியும். பொறிக்குரிய தூளோ கடுங்காரம். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்குக.

இனி, நாளாந்தப் பராமரிப்பு. எச்சிலை வழித்துக் கொட்டிய பின்னரே தட்டை உள்ளே வைத்தல். வாரம் ஒருமுறையேனும் வடியைக் கழற்றிக் குழாய் நீரிற் கழுவுதல். மாதம் ஒருமுறை தெளிக்கும் கைகளின் துளைகளை ஈர்க்கினால் நீக்குதல். கதவின் றப்பர் விளிம்பை ஈரத்துணியால் துடைத்தல். வேலை முடிந்தபின் கதவைச் சற்றே திறந்து வைத்தல். இவ்வளவும் செய்தும் பொறி இயங்காவிடின், மின்பகுதிகளைத் தாமே தொடாமல் அறிந்தவரை அழைப்பதே முறை.

இவற்றையெல்லாம் என் மாணவர் அன்று ஒரு மணி நேரத்திலே விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "அப்ப இனி ஒவ்வொரு கிழமையும் இந்த வடியையும் நான்தான் கழுவவேணும்" என்றாள். குறைகூறும் குரலன்று அது. வழக்கமாய் நடப்பதைச் சொல்லும் குரல். அக்குரலே என்னைச் சுட்டது. பொறி வந்ததால் வேலை முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஒரு பங்கு எஞ்சி நிற்கிறது. அந்தப் பங்கும் எவருடைய கைகளைக் காக்கவென்று பொறி வந்ததோ அவருடைய கைகளுக்கே போய்ச் சேருமாயின், அண்ணன் அனுப்பிய அன்பளிப்பின் பயன் யாது?

இப்பொழுது எங்கள் குசினிச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. ஞாயிறு தோறும் வடி கழுவுபவன் நான். உப்பும் தெளிக்கும் கைகளும் மகனுடைய பொறுப்பு. எச்சிலை வழிப்பது உண்டவர் ஒவ்வொருவரின் கடமை. அதிலிருந்து அம்மாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் அவர் அதனை ஏற்க மறுக்கிறார். மனைவியின் விரல் வலி முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரவிலே கிணற்றடியில் சட்டி உரசும் ஓசை இப்போது கேட்பதில்லை.

அந்தப் புளியங்கொட்டை என் எழுதும் மேசையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஏதேனும் ஒரு பொறி "பழுது" என்று துணி போர்த்துக் கிடக்குமானால், அதனைக் குறைகூறுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்து பார்ப்பவர் இம்முறை வேறொருவராக இருக்கட்டும்.